சமயப் போராளிகளோடு சமாதானம் கூடுமோ?

"கடவுளின் பெயரால் வாளெடுத்தவனோடு பேச்சு எதற்கு?" என்று வினவுவோர் பலர். நிலத்துக்காகப் போரிடுகின்றவனுக்கு நிலத்தில் ஒரு பங்கைக் கொடுத்து அமைதிப்படுத்தலாம். கூலிக்காகக் கிளர்ச்சி செய்கின்றவனுக்குக் கூலியை உயர்த்தி இணங்கச் செய்யலாம். தன் போர் இறைவன் இட்ட கட்டளை என்று நம்புகின்றவனோ எதைப் பெற்றுக்கொண்டு எதை விட்டுக்கொடுப்பான்? இவ்வாறு கேட்போர் அறிவிலார் அல்லர். இனி மற்றொரு சாரார், பேசித் தீராத வழக்கு உலகில் இல்லை என்பர். இவ்விரு கட்சியாரும் தத்தம் கொள்கையைப் பொதுப்படக் கூறுகின்றனரேயன்றி, அத்தகைய பேச்சு மெய்யாகவே நடந்த இடத்தை நோக்கி ஆராய்வார் சிலரே. மாணவர் சங்கங்களில் இவ்வினா விவாதத்துக்கு வரும்போதும், இரு பக்கத்திலும் சொல்வன்மை மிகுந்திருப்பதும், நிகழ்ந்த செய்திகள் குறைந்திருப்பதும் நாம் காண்பனவே. ஆதலின், பிலிப்பைன் தீவுகளின் தென்பகுதியாகிய மிந்தனாவோவில் 1997 முதல் 2014 வரை பதினேழு ஆண்டுகள் நடைபெற்ற ஒரு சமாதானப் பேச்சின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைத்து, அதனின்று நாம் அறியத்தக்கது யாது என்பதை ஆராய்வோம்.

மிந்தனாவோ பிலிப்பைன் தீவுகளுள் இரண்டாவது பெரிய தீவு. அதன் தென்மேற்கே சூலூ என்னும் சிறு தீவுக் கூட்டம் உள்ளது. இப்பகுதிகளில் 14-ஆம் நூற்றாண்டிலேயே இஸ்லாம் வேரூன்றத் தொடங்கிற்று. பின்னர்ச் சூலூவிலும் மகிந்தனாவோவிலும் சுல்தான்கள் ஆண்டனர். 1565-ஆம் ஆண்டு முதல் ஸ்பானியர் வடதீவுகளைக் கைப்பற்றி, அந்நாட்டு மக்களிற் பெரும்பாலோரைக் கத்தோலிக்கராக்கினர். தெற்கே இருந்த முஸ்லிம்களை மட்டும் அவர்களால் முழுதும் அடக்க இயலவில்லை. தம் சொந்த நாட்டில் தாம் பொருத முஸ்லிம்களை 'மோரோ' என்று அழைத்த வழக்கத்தால், இவர்களையும் அப்பெயராலேயே அழைத்தனர். வசையாக வந்த அப்பெயரைப் பிற்காலத்தில் அம்மக்களே பெருமையுடன் ஏற்றுத் தம்மை 'பங்சமோரோ' என்றனர். பங்சா என்பது நம் வடமொழி வழக்கிலுள்ள வம்சம் என்னும் சொல்லே. மலாய் மொழியிற் சென்று குலம், இனம் என்னும் பொருளில் வழங்குகின்றது.

1898-ஆம் ஆண்டில் ஸ்பெயின் தன் உரிமையை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. அடுத்த ஆண்டிலேயே அமெரிக்கர் சூலூ சுல்தானோடு ஓர் உடன்படிக்கை செய்து, அவர்தம் சமயத்திலும் வழக்கத்திலும் தலையிடுவதில்லை என்று உறுதி கூறினர். 1904-ஆம் ஆண்டில் அவ்வுடன்படிக்கையைத் தாமாகவே ரத்து செய்தனர். 1906-ஆம் ஆண்டில் பூத் தாஹோ என்னும் எரிமலைமுகட்டில் தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கணக்கான மோரோக்கள், பெண்டிரும் சிறுவரும் உட்பட, கொல்லப்பட்டனர். அதன்பின் வடதீவுகளிலிருந்து குடியானவர்கள் மிந்தனாவோவில் குடியேற்றப்பட்டனர். 1946-இல் பிலிப்பைன் நாடு சுதந்திரம் பெற்ற பின்னரும் இக்குடியேற்றம் நிற்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிந்தனாவோவிற் பெரும்பான்மையராக இருந்த முஸ்லிம்கள், அந்நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினராயினர். வழிவழியாக உழுத நிலத்துக்குப் பட்டா இல்லாமையால், பட்டாவோடு வந்தவனிடம் அந்நிலம் போயிற்று. ஆகவே, சமயக் கொடி ஏறுவதற்கு முன்னரே அங்கே நிலவழக்கு இருந்தது என்பதையும், மீறப்பட்ட வாக்குறுதி ஒன்று அம்மக்களின் நினைவில் இருந்தது என்பதையும் நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

1968-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கொரெகிதோர் என்னுந் தீவில் இரகசியமாகப் படைப்பயிற்சி பெற்றுவந்த மோரோ இளைஞர் பலர் தம் சொந்தச் சேனையினராலேயே சுடப்பட்டனர். அச்செய்தி மோரோ மக்களிடையே தீயெனப் பரவிற்று. 1972-இல் ஜனாதிபதி பெர்டினாண்டு மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்ததும் பெரும்போர் மூண்டது. நூர் மிசுவாரி என்னும் கல்லூரி ஆசிரியர் தலைமையில் மோரோ தேசிய விடுதலை முன்னணி தோன்றிற்று. 1974-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹோலோ நகர் எரிந்து பாழாயிற்று. பின்னர் லிபியாவும் இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பும் நடுநின்று பேச, 1976-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 23-ஆம் தேதி திரிப்போலி நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பதின்மூன்று மாகாணங்களுக்குச் சுயாட்சி அளிப்பது என்பது அதன் சாரம். மார்க்கோஸோ, அதனைத் தாம் விரும்பியவாறு பொருள்படுத்திக்கொண்டு, 1977-இல் ஒரு வாக்கெடுப்பை நடத்தி, அதிகாரமற்ற இரண்டு தனித்தனி வட்டாரங்களை அமைத்து, காரியம் முடிந்தது என்றார். போர் மீண்டுந் தொடங்கிற்று.

இவ்வுடன்படிக்கை பழுதானதன் விளைவாகவே நம் வினாவுக்குரிய இயக்கம் பிறந்தது என்பது ஊன்றி நோக்கத்தக்கது. மிசுவாரியின் துணைத்தலைவர்களுள் ஒருவர் ஹஷீம் சலாமத். அவர் கெய்ரோ நகரில் அல் அஸ்ஹர் கலாசாலையிற் சமயக் கல்வி பயின்றவர். திரிப்போலி உடன்படிக்கை குலைந்த பின், 1977-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மிசுவாரியினின்றும் பிரிந்தார். அவருடைய பிரிவு 1984-இல் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணி என்று பெயரிட்டுக்கொண்டது. முதல் இயக்கம் இனத்தின் பெயராலும் நாட்டின் பெயராலும் பேசிற்று. இரண்டாவது இயக்கம் சமயத்தின் பெயராற் பேசிற்று. அதன் பாசறைகளில் பள்ளிவாசல்களும், வேதபாடசாலைகளும், சமய நீதிமன்றங்களும் இருந்தன. படைத்தலைவர்களோடு சமய அறிஞர்களும் அதன் ஆலோசனை சபையில் அமர்ந்தனர். அதன் நோக்கம் தனி இஸ்லாமிய அரசு. "இவர்களோடு பேசுவது வீண்" என்று மணிலா நகரத்துப் பிரமுகர் பலர் கூறியதற்கு இவையெல்லாம் காரணமாயின.

நிற்க. 1996-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி ஜனாதிபதி ராமோஸ் மிசுவாரியின் முன்னணியோடு இறுதி உடன்படிக்கை செய்துகொண்டார். சலாமத்தின் இயக்கம் அதில் சேரவில்லை. எனினும் அரசாங்கம் அதனோடும் 1997 ஜனவரியிற் பேசத் தொடங்கி, அவ்வாண்டு ஜூலையிற் போர்நிறுத்த ஒப்பந்தமும் செய்தது. மூன்றாண்டுகள் கழியுமுன் ஜனாதிபதி எஸ்ட்ராடா மனம் மாறி, 2000-ஆம் ஆண்டில் முழுப்போர் தொடுத்தார். அவ்வாண்டு ஜூலையில் இயக்கத்தின் தலைமைப் பாசறையாகிய அபூபக்கர் முகாம் வீழ்ந்தது. வெற்றியைக் கொண்டாட அவர் அம்முகாமுக்குச் சென்று, படைவீரருக்குப் பன்றியிறைச்சியும் பீரும் விருந்தளித்தார். பள்ளிவாசல் நின்ற இடத்தில் நடந்த அவ்விருந்து, ஆயிரம் துப்பாக்கிகள் செய்ய இயலாத தீமையைச் செய்தது. முகாம் வீழ்ந்தும் இயக்கம் வீழவில்லை. அதன் வீரர்கள் சிறுசிறு கூட்டமாகப் பிரிந்து காடுகளிற் கலந்தனர். பல லக்ஷம் மக்கள் வீடிழந்தனர்.

அவ்வாறு வீடிழந்து ஓடுவோருக்கு மிந்தனாவோவில் 'பக்விட்' என்று ஒரு பெயர் உண்டு. வெளியேறுதல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் மக்கள் வாயிற் சிதைந்து அவ்வாறாயிற்று. ஓடுவதற்கென்று ஊர்மக்கள் ஒரு தனிச் சொல்லையே ஆக்கிக்கொண்டனர் என்றால், எத்தனை முறை ஓடியிருப்பர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். வெடியோசை கேட்டதும் அரிசிமூட்டையையும் குழந்தையையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்திலோ, கோயிலிலோ, பள்ளிவாசலிலோ தஞ்சம் புகுதல்; சில திங்கள் கழித்து மீண்டு, எரிந்த குடிசையையும் காய்ந்த வயலையும் காணுதல்; மறுபடி நட்டு, மறுபடி ஓடுதல். சமாதானம் கூடுமா என்னும் வினா நமக்கு விவாதப் பொருள். அவர்களுக்கோ அஃது அடுத்த அறுவடை வீடுவந்து சேருமா என்னும் வினா.

2001-ஆம் ஆண்டு முதல் மலேசிய அரசாங்கம் மத்தியஸ்தராக அமர்ந்தது. 2003-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சலாமத் பயங்கரச் செயல்களைத் தாம் ஏற்பதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். அடுத்த திங்களில் காலமானார். அவருக்குப்பின் படைத்தலைவராயிருந்த முராத் இப்ராஹிம் தலைமையேற்றார். அவர் சமயப் பண்டிதர் அல்லர். இளமையிற் பொறியியல் மாணவராயிருந்தவர். 2004 முதல் மலேசியா தலைமையிற் பன்னாட்டுக் கண்காணிப்புக் குழு ஒன்று போர்நிறுத்தத்தைப் பார்வையிட்டு வந்தது. உள்ளூர் மக்களும் தாமே காவற் குழுக்கள் அமைத்து, எப்பக்கத்தார் ஒப்பந்தத்தை மீறினும் அதனை வெளிப்படுத்தி வந்தனர். 1996-ஆம் ஆண்டு முதலே மிந்தனாவோவின் கத்தோலிக்க மேற்றிராணியார்களும் இஸ்லாமிய உலமாக்களும் ஒரு மன்றமாகக் கூடிப் பேசி வந்தனர்.

இந்நிலையில் 2008-ஆம் ஆண்டில் வந்தது பெருஞ்சோதனை. மோரோ மக்களின் பூர்வீக நிலவுரிமையைப் பற்றிய ஒப்பந்தம் ஆகஸ்டு 5-ஆம் தேதி கோலாலம்பூரிற் கையெழுத்தாவதாக இருந்தது. விருந்தினரும் வந்து கூடிவிட்டனர். முந்தின நாள் பிலிப்பைன் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அக்டோபரில் அவ்வொப்பந்தம் அரசியற் சட்டத்துக்கு முரணானது என்றும் தீர்ப்பளித்தது. அவ்வொப்பந்தம் அவ்வட்டாரத்துக் கிறிஸ்தவக் குடிகளுக்கும் அவர்தம் பிரதிநிதிகளுக்கும் தெரியாமலே எழுதப்பட்டிருந்தது. தம் ஊர் யாருடைய ஆட்சிக்குட் போகப்போகின்றது என்பதைப் பத்திரிகையைப் பார்த்து அறிந்தவர்கள் நீதிமன்றத்தை நாடியதில் வியப்பில்லை. மறுபக்கத்தில், இயக்கத்தின் தளபதிகளுட் சிலர் பொறுமையிழந்து ஊர்களைத் தாக்கினர். ஐந்து லக்ஷத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் பக்விட் ஆயினர். தளபதிகளுள் ஒருவராகிய உம்பிரா கத்தோ தம் ஆட்களோடு பிரிந்து சென்று, பேச்சையே ஏற்காத வேறொரு படையை அமைத்தார். 1976-இல் தவறிய வாக்கிலிருந்து சலாமத்தின் இயக்கம் பிறந்தது. 2008-இல் தவறிய வாக்கிலிருந்து கத்தோவின் படை பிறந்தது. ஒவ்வொரு முறையும் பிறந்தது முன்னதினுங் கடியதாயிருந்தது.

ஆயினும் பேச்சு அற்றுப்போகவில்லை. 2009-இல் பிரிட்டன், ஜப்பான், துருக்கி, சவூதி அரேபியா ஆகிய நான்கு நாடுகளும், சில தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த தொடர்புக் குழு ஒன்று அமைந்து, பேச்சு மேடையிற் சாக்ஷியாக அமர்ந்தது. இயக்கத்தார் தனியரசு என்னுங் கோரிக்கையைக் கைவிட்டு, பிலிப்பைன் நாட்டுக்குள்ளேயே சுயாட்சி பெறுவதற்கு இசைந்தனர். 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் தேதி ஜனாதிபதி அக்வினோ தோக்கியோ நகருக்கருகில் முராத்தை நேரிற் சந்தித்தார். நாட்டின் ஜனாதிபதியே பிறநாட்டுக்குச் சென்று கிளர்ச்சித் தலைவரைக் காண்பது தகுமோ என்று பலர் குறைகூறினர். எனினும், நாற்பதாண்டுகளாகக் 'கொள்ளைக்காரர்' என்று அழைக்கப்பட்டு வந்தவர்களுக்கு அச்சந்திப்பு அளித்த மதிப்பு, பின்வந்த பல சிக்கல்களை எளிதாக்கிற்று. 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி அடிப்படை ஒப்பந்தமும், 2014-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் தேதி முழு உடன்படிக்கையும் மணிலாவிற் கையெழுத்தாயின. முழு உடன்படிக்கையில் அரசாங்கத்தின் சார்பில் தலைமைப் பிரதிநிதியாகக் கையெழுத்திட்டவர் மிரியம் கொரோனெல் பெரர் என்னும் பெண்மணி. அவர் ஒரு கலாசாலைப் பேராசிரியர். இயக்கத்தின் சார்பிற் கையெழுத்திட்டவர் மொஹாகர் இக்பால்.

சமயத்தைப் பற்றிய கோரிக்கை எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதே நமக்கு முக்கியமானது. இஸ்லாமிய அரசு வேண்டுமா, வேண்டாமா என்று அவர்கள் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. அவ்வொரு பெருங்கேள்வியைப் பல சிறு கேள்விகளாகப் பிரித்தனர். ஷரியத்துச் சட்டம் யாருக்கு? முஸ்லிம்களுக்கு மட்டும். எவ்வழக்குகளில்? மணம், வாரிசுரிமை முதலியவற்றில் 1977-ஆம் ஆண்டிலேயே பிலிப்பைன் சட்டம் அதனை ஏற்றிருந்தது. அதனை விரித்தல் கூடும். நீதிபதிகளை நியமிப்பவர் யார்? வரிப்பணத்திற் பங்கு எவ்வளவு? காவற்படை யாருடையது? கிறிஸ்தவருக்கும், இரு சமயத்தையுஞ் சாராத பழங்குடியினருக்கும் சட்டசபையில் இடம் உண்டா? இவ்வாறு பிரித்தபோது, விட்டுக்கொடுத்தல் இறைவனுக்கு இழைக்குந் துரோகமாகத் தோன்றவில்லை. ஒழுங்கான காரியப்பேச்சாகவே தோன்றிற்று. இஸ்லாமிய மரபிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 628-ஆம் ஆண்டில் ஹுதைபியா என்னுமிடத்தில் மக்கா நகரத்தாரோடு நபிகள் நாயகம் செய்துகொண்ட உடன்படிக்கையில், எதிர்க்கட்சியார் மறுத்தமையால், இறைதூதர் என்னும் தம் பட்டத்தையும் எழுதாமல் விடச் சம்மதித்தார் என்பது வரலாறு. போருக்கு முன்மாதிரி தேடுகின்றவனுக்குச் சமய நூல்களில் அது கிடைப்பது போலவே, உடன்படிக்கைக்கும் முன்மாதிரி கிடைக்கும். எதைத் தேடும் மனநிலையில் அவன் இருக்கின்றான் என்பதே கேள்வி.

கையெழுத்தானதோடு கதை முடியவில்லை. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி மமசப்பானோ என்னும் ஊரில், ஒளிந்திருந்த ஒரு வெளிநாட்டுக் குற்றவாளியைப் பிடிக்கப் போலீஸ் படை சென்றது. இயக்கத்தார் வாழும் இடத்துக்குள் நுழையுமுன் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தும், அறிவிக்காமற் சென்றது. விடியலில் மூண்ட சண்டையில் 44 காவலர் மாண்டனர். இயக்கத்தாருள்ளும் ஊர்மக்களுள்ளும் சிலர் மாண்டனர். நாடு முழுவதும் சினம் பொங்கிற்று. உடன்படிக்கையைச் சட்டமாக்கும் மசோதா சட்டசபையிற் கிடப்பிற் போடப்பட்டது. எனினும், போர்நிறுத்தம் நிலைத்தது. பல்லாண்டு பழகிய கண்காணிப்பாளர்களும், இருபக்கத்து அதிகாரிகளும் அன்று பகலிலேயே களத்துக்குச் சென்று சண்டையை நிறுத்தப் பாடுபட்டமையே அதற்குக் காரணம்.

தாமதம் தன் விலையை வாங்கியே தீர்ந்தது. பேச்சினாற் பயனில்லை என்று சொல்லி இளைஞரைச் சேர்த்த தீவிரக் கூட்டத்தார், 2017-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் தேதி மராவி நகரத்துட் புகுந்தனர். ஐந்து திங்கள் போர் நடந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். மூன்று லக்ஷத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். அழகிய அந்நகரத்தின் நடுப்பகுதி கல்மேடாயிற்று. அப்போது அகப்பட்டுக்கொண்ட மக்களை வெளியேற்றுவதற்கு அரசாங்கத்தோடு சேர்ந்து வழியமைத்துக் கொடுத்தவர்கள், இருபதாண்டுக்கு முன் "பேசுவது வீண்" என்று கருதப்பட்ட அதே இயக்கத்தார். 2018-ஆம் ஆண்டு ஜூலையில் ஜனாதிபதி துதெர்த்தே சட்டத்திற் கையெழுத்திட்டார். 2019-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் தேதியும் பிப்ரவரி 6-ஆம் தேதியும் நடந்த வாக்கெடுப்பில் பதினைந்து லக்ஷத்துக்கு மேற்பட்டோர் அதனை ஆதரித்தனர். புதிய பங்சமோரோ சுயாட்சிப் பகுதிக்கு முராத் முதன் முதலமைச்சரானார். காட்டிலிருந்த படைத்தலைவர் கோப்புகளிற் கையெழுத்திடும் ஆட்சித்தலைவரானார்.

குறைகளையும் மறைக்காமற் கூறல் வேண்டும். முதல் வாக்கெடுப்பு நடந்த ஆறாம் நாளில், ஹோலோ நகரத்துக் கத்தோலிக்கப் பேராலயத்தில் வெடிகுண்டு வெடித்து, வழிபாட்டுக்கு வந்தோர் பலர் இறந்தனர். அவ்வாக்கெடுப்பிற் சூலூ மாகாணத்து மக்கள் வேண்டாமென்றே வாக்களித்தனர். ஆயினும் அவர்கள் பகுதியினுட் சேர்க்கப்பட்டனர். 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. முதற் சட்டசபைத் தேர்தல் 2022-ஆம் ஆண்டுக்குக் குறிக்கப்பட்டு, 2025-க்குத் தள்ளப்பட்டு, அவ்வாண்டிலும் நடைபெறாது போயிற்று. ஏறக்குறைய 40,000 வீரர் படைக்கலம் துறக்க வேண்டியிருக்க, சுமார் 26,000 பேர் துறந்தனர். மீதிப்பேரின் வாழ்க்கைக்கு உறுதி இல்லை என்று கூறி, 2025-இல் இயக்கத்தார் அவ்வேலையை நிறுத்திவைத்தனர். ஆகவே அங்கே பிறந்த சமாதானம் இன்னும் நடைபழகும் குழந்தையே. இருந்தாலும், பாசறைகளையும் சேனையையும் எதிரெதிரே நிறுத்திய பழைய பெரும்போர் 2014-க்குப் பின் மீளவில்லை என்பது சிறிய காரியம் அன்று.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆப்கானிஸ்தானத்தை நோக்குவோம். அங்கும் சமயத்தின் பெயராற் போரிட்ட தாலிபான் இயக்கத்தோடு பேச்சு நடந்தது. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி தோஹா நகரில் அமெரிக்காவும் அவ்வியக்கமும் உடன்படிக்கை செய்துகொண்டன. அமெரிக்கச் சேனை பதினான்கு மாதங்களில் வெளியேறுவது என்று நாள் குறிக்கப்பட்டது. ஆனால் காபூல் அரசாங்கம் அவ்வுடன்படிக்கையில் ஒரு கட்சியாக இல்லை. ஆப்கானியர் தமக்குள்ளே பேசித் தீர்க்கவேண்டிய அரசியல், சட்டம், பெண்கல்வி ஆகிய எல்லாம் பின்னாளைய பேச்சுக்கு ஒத்திவைக்கப்பட்டன. அப்பேச்சு 2020 செப்டம்பரிலேதான் தொடங்கிற்று. போர்நிறுத்தம் கூட அதன்பின் பேசவேண்டியதாகவே விடப்பட்டது. காத்திருந்தாற் போதும், எல்லாம் கைக்கு வரும் என்று அறிந்தவன் விட்டுக்கொடுப்பதற்குக் காரணம் யாது? 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி காபூல் வீழ்ந்தது. 2022 டிசம்பரில் கலாசாலைகளின் கதவு பெண்களுக்கு அடைக்கப்பட்டது. நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவியர் இச்செய்தியின் பொருளை நன்கு உணர்வர். இவ்வுடன்படிக்கை பழுதானதற்குத் தாலிபானின் கடுஞ்சமயக் கொள்கை ஒரு காரணமே. எனினும், யாருடைய வாழ்வு பேசப்படுகின்றதோ அவர்களை வெளியே நிறுத்தி நடத்திய பேச்சு என்பது அதனினும் பெரிய காரணம் எனலாம்.

இவ்விரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்கின், சமயப்பற்றுள்ள ஒரு போர் இயக்கத்தோடு சமாதானம் கூடுமா என்பதை அறிய நான்கு கேள்விகளைக் கேட்கவேண்டும் என்பது புலனாகும். முதலாவது, அவர்களுடைய கோரிக்கையில் மண்ணுலகில் அளந்து கொடுக்கத்தக்க பகுதி உண்டா? நிலம், வரி, நீதிமன்றம், பள்ளிக்கூடம் இவற்றை அளக்கலாம். உலகம் முழுவதும் தம் ஆணைக்குள் வரவேண்டும் என்பதை அளக்க இயலாது. மராவியை அழித்த கூட்டத்தாரோடு பேச இடமிருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டாவது, கையெழுத்திடுகின்ற தலைவனது சொல்லைக் காட்டிலுள்ள கடைசி வீரன் கேட்பானா? மூன்றாவது, விளைவை அனுபவிக்கப்போகும் குடிகள், சிறுபான்மையோர், பெண்டிர் ஆகியோர் அறியும்படி பேச்சு நடக்கின்றதா? நான்காவது, கொடுத்த வாக்கை அரசாங்கம் காலத்திற் காக்குமா? இந்நான்கனுள் முதல் இரண்டும் இயக்கத்தைப் பற்றியவை; பின்னிரண்டும் அரசாங்கத்தைப் பற்றியவை. "அவர்கள் மாறுவார்களா?" என்றே நாம் எப்போதும் கேட்கின்றோம். பாதிக் கேள்வி நம்மைப் போன்ற குடிகளையும், நம்மை ஆள்வோரையும் நோக்கியது என்பதை மறந்துவிடுகின்றோம்.

ஒரு தடை எழலாம். கொலை செய்தவனோடு கைகுலுக்குவது, கொல்லப்பட்டவனுக்கு இழைக்கும் அநீதி அன்றோ? மமசப்பானோவில் மாண்ட காவலரின் மனைவியரும், பூத் தாஹோவில் மாண்டோரின் வழித்தோன்றல்களும் இதனைக் கேட்க உரிமையுடையர். இதற்கு எளிய விடை இல்லை. சமாதானம் நீதியை அழிக்கக்கூடாது. ஆனால் போர் நடக்கும்வரை நீதிமன்றம் திறப்பதற்கும் வழியில்லை. சுவர் இருந்தால் அன்றோ சித்திரம் எழுதலாம்? உடன்படிக்கை அச்சுவர். அதன்மேல் நீதியையும், உண்மையையும், மன்னிப்பையும் எழுதுவது அடுத்த தலைமுறையின் கடமை. எழுதாமல் விட்டால், வெறுஞ்சுவர் நெடுநாள் நில்லாது.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை கூறுவோம். கடவுளின் பெயரால் வாளெடுத்தவனோடு பேசுவது கூடும். அவனைக் கடவுளை விடச் சொல்லிப் பேசுவது கூடாது; வாளை எங்கே வைப்பது, வைத்தபின் எப்படி வாழ்வது என்பதைப் பற்றிப் பேசுவது கூடும். பேசிக் கொடுத்த வாக்கைக் காப்பது பேசுவதினும் அரிது. மிந்தனாவோவில் இருமுறை வாக்குத் தவறியபோது இருமுறையும் புதிய பகை பிறந்தது. காத்தபோதெல்லாம் வயலில் ஒரு போகம் கூடுதலாக விளைந்தது. வரும் ஆண்டுகளில் நம் மாணவர்களுள் சிலர் நீதிபதிகளாகவும், அதிகாரிகளாகவும், ஆசிரியர்களாகவும், பத்திரிகையாளர்களாகவும் பல ஊர்களிற் பணிபுரியச் செல்வர். சமயங்கள் பலவாக மக்கள் கலந்து வாழும் ஊர்களிற் சிறு பூசல்கள் எழும்போது அவர்கள் இவ்வரலாற்றை நினைவுகூர்வாராக. மறுபக்கத்தானை முதலிற் பேயென்று எழுதிவிட்டால், பின்னர் அவனோடு பேசத் துணிவோர் யாரும் இரார். பேசவேண்டிய நாளோ எப்படியும் வந்தே தீரும்; பக்விட் ஆனவர்களின் தொகை பெருகிய பின் வருமா, பெருகுமுன் வருமா என்பதே நம் கையில் உள்ளது.